மாதிரி தருவோருக்கு மருந்தில் பங்கு

2007-ஆம் ஆண்டின் தொடக்கத்தில், பறவைக் காய்ச்சல் தீநுண்மியின் மாதிரிகளை உலக சுகாதார அமைப்புக்கு அனுப்ப இந்தோனேசியா மறுத்தது. தான் இலவசமாகத் தரும் மாதிரியிலிருந்து உருவாகும் தடுப்பூசியைத் தன் மக்களுக்கு விலை கொடுத்து வாங்கக்கூட இயலாது என்பதே அதன் வாதம். அதன் விளைவாக, மாதிரியையும் பயனையும் சேர்த்தே பகிரும் ஏற்பாடு 2011-இல் உருவானது; ஆனால், அது இன்ஃப்ளூயன்ஸாவுக்கு மட்டுமே.

எனவே, கரோனா காலத்தில் அது உதவவில்லை. 2021 நவம்பரில் ஒமைக்ரான் குறித்து உலகை எச்சரித்த தென்னாப்பிரிக்காவுக்குப் பல நாடுகள் பயணத் தடையையே பரிசாக அளித்தன.

2025 மே 20-இல் உலக சுகாதாரப் பேரவை ஏற்ற பெருந்தொற்று ஒப்பந்தம் இக்குறையைக் களைய முற்படுகிறது. பெருந்தொற்றுக் காலத்தில், பங்கேற்கும் நிறுவனங்களின் உற்பத்தியில் 20 சதவீதத்தை உலக சுகாதார அமைப்புக்குக் கிடைக்கச் செய்வது இலக்கு. உற்பத்தியில் குறைந்தது 10 சதவீதம் நன்கொடையாகவும், எஞ்சியது கட்டுப்படியாகும் விலையிலும் வழங்கப்பட வேண்டும். ஆனால், பகிர்வின் நடைமுறையை வரையறுக்கும் பின்னிணைப்பு ஏற்கப்படும் வரை ஒப்பந்தம் கையொப்பத்துக்கே வராது. 60 நாடுகள் ஏற்புறுதி அளித்தால்தான் நடைமுறைக்கு வரும்.

பஞ்சம் வந்த பிறகு நெல்லுக்கு விலை பேசுபவர் தோற்பார் என்பது பொருளியலின் பாலபாடம். மாதிரி தரும் நாட்டுக்குரிய மருந்துப் பங்கை அடுத்த தொற்றுக்கு முன்பே சட்டமாக எழுதிவிட வேண்டும். அது தர்மம் அல்ல, உரிமை.