முகாம் தலைவரும் மொழிபெயர்க்கும் தோழியும்: மதுரை வட்டாரச் சேவைவழிக் கற்றலில் மாணவர் தலைமையின் வளர்ச்சி

1. ஆய்வுப் பரப்பு

திருச்சுழி வட்டத்து எம்.ரெட்டியபட்டியும் அதைச் சூழ்ந்த ஊர்களும் வானம் பார்த்த கரிசல் பூமி. ஐப்பசி, கார்த்திகையில் கண்மாய் பெருகினால் நெல். குறைந்தால் மிளகாய், பருத்தி, கம்பு. அதுவும் பொய்த்தால் வேலிக்கருவேலை வெட்டிக் கரிமூட்டம் போடுவதே பிழைப்பு. நூறாண்டுக்கு மேலாக இத்தகைய ஊர்களுக்கு மதுரை, அருப்புக்கோட்டை வழியாகத் தொண்டு நோக்கோடு பலர் வந்திருக்கின்றனர். மாணவர்களும், அண்மைக் காலத்தில் பிறநாட்டு மாணவர்களும் அவர்களில் அடங்குவர்.

யார் வந்தார்கள், என்ன செய்தார்கள் என்பதற்கு விடை சொல்லும் ஆவணங்கள் நிறைய உண்டு. எது வேலை, எப்போது வேலை என்பதை யார் தீர்மானித்தார்கள் என்பதே இக்கட்டுரையின் கேள்வி. பரிமாற்றத் திட்டங்களில் தலைமை விருந்தினரிடமோ பேராசிரியரிடமோ இருப்பதாகத் தோன்றினாலும், களத்தில் அதைச் சுமந்தவர் உள்ளூர் மாணவரே என்பது இதன் கருதுகோள்.

2. மிஷன் காலம்: போனவர்களும் வந்தவர்களும்

1834இல் பணி தொடங்கிய அமெரிக்க மதுரை மிஷன், எம்.ரெட்டியபட்டிக்கு அருகே உள்ள மண்டபசாலையிலும் நிலையம் அமைத்தது. பசுமலையில் 1881இல் உருவான அமெரிக்கன் கல்லூரி, பின்னர் மதுரை நகருக்கு இடம்பெயர்ந்தது. கேட்டி வில்காக்ஸ் 1948இல் தொடங்கிய லேடி டோக் கல்லூரி பெண்களின் உயர்கல்விக்கு வழிதிறந்தது.

இக்காலத்தில் போக்குவரத்து இருவழியாக இருந்தாலும் சமமாக இல்லை. கரிசல் ஊர்ப் பிள்ளைகள் படிக்கப் போனார்கள். மிஷனரிகள் கற்பிக்கவும் பஞ்ச நிவாரணம் வழங்கவும் வந்தார்கள். ஊரிடமிருந்து தாங்களும் கற்கவேண்டும் என்பது வந்தவர்களின் திட்டத்தில் இடம்பெறவில்லை.

3. மண்வெட்டியும் வருகைப் பதிவேடும்

விடுதலைக்குப் பின் மாணவர் தொண்டு அரசின் கொள்கையாயிற்று. மாணவர் ஓராண்டு சமூக, உழைப்புப் பணி செய்யவேண்டும் என்பதை முதல் ஐந்தாண்டுத் திட்டம் வலியுறுத்தியது. இதற்கான திட்டத்தை வகுக்க 1959இல் சி.டி.தேஷ்முக் குழு அமைந்தது. இத்தகைய பணியில் பிற நாடுகளின் அனுபவங்களைக் கே.ஜி.சையிதைன் ஆராய்ந்தார். 1964–66 கோத்தாரி ஆணையமும் மாணவரைச் சமூகப் பணியில் ஈடுபடுத்தப் பரிந்துரைத்தது. காந்தி நூற்றாண்டையொட்டி 1969 செப்டம்பர் 24 அன்று 37 பல்கலைக்கழகங்களில் நாட்டு நலப்பணித் திட்டம் தொடங்கப்பட்டது.

ஆண்டுக்கு 120 மணி நேரப் பணியும் தத்தெடுத்த கிராமத்தில் ஏழு நாள் சிறப்பு முகாமும் அதன் சட்டகம். முகாமில் மாணவர் தலைவரின் வேலை தெளிவானது: வருகைப் பதிவு, குழுப் பிரிப்பு, சமையல் முறை, மாலை நிகழ்ச்சி. கருவேல முள்ளை வெட்டுவதும் வரத்துக்கால்வாயைத் தூர்வாருவதும் கண்ணுக்குத் தெரியும் பலனைத் தந்தன. கட்டளையைக் கீழே கொண்டுசேர்ப்பதுதான் இத்தலைமையின் இயல்பு. முகாம் பெரும்பாலும் கல்லூரி நாட்காட்டிப்படியே நடந்தது. மாசி, பங்குனியில் மிளகாய்ப் பழம் எடுக்க ஊரே காட்டுக்குப் போயிருக்கும். மாணவர்களின் விழிப்புணர்வுப் பேரணி ஆளில்லாத தெருவைச் சுற்றி வரும்.

4. சேவையின்மீது எழுந்த கேள்வி

இதே ஆண்டுகளில் அமெரிக்காவில் தொண்டையும் படிப்பையும் இணைக்கும் முயற்சி உருப்பெற்றது. 1967 வாக்கில் ராபர்ட் சிக்மனும் வில்லியம் ராம்சேயும் அதைச் சேவைவழிக் கற்றல் என அழைத்தனர். மறு ஆண்டு மெக்சிகோவின் குவெர்னவாக்காவில், தொண்டு செய்யவந்த அமெரிக்க மாணவர்களிடமே சிந்தனையாளர் இவான் இல்லிச் அவர்களின் நல்லெண்ணத்தைக் கடுமையாகச் சாடினார். மொழி தெரியாத ஊரில் நீங்கள் யாருக்கு உதவுகிறீர்கள் என்பதே அவர் வாதத்தின் சாரம். சிக்மன் 1979இல் மூன்று நெறிகளை வகுத்தார்: சேவையைப் பெறுவோரே அதை நெறிப்படுத்த வேண்டும், அதனால் அவர்களின் செயல்திறன் வளரவேண்டும், சேவை செய்வோரும் கற்பவரே. முதல் நெறியை உரைகல்லாகக் கொண்டால் பரிமாற்றத் திட்டங்களின் நிறைகுறை விளங்கும்.

5. ஓபர்லினும் டோக்கியோவும்

1900இல் சீனாவின் ஷான்சியில் பாக்ஸர் கிளர்ச்சியின்போது கொல்லப்பட்ட ஓபர்லின் கல்லூரியினரின் நினைவாக 1908இல் ஓபர்லின் ஷான்சி அமைப்பு உருவானது. சீனாவில் அரசு மாறி அங்கே பணி தொடர இயலாமற்போனதும் 1950களில் அது அமெரிக்கன் கல்லூரியோடு உறவு கொண்டது. இளம் பட்டதாரிகள் மதுரைக்கு வந்து தங்கி ஆங்கிலம் கற்பித்தனர், தமிழும் கற்றனர். வந்தவர் நீண்டகாலம் தங்கியதால், விடுதி மாணவர் அவருக்கு வழிகாட்டியாகவும் தோழராகவும் இருக்க வாய்ப்புக் கிட்டியது.

1978இல் அமெரிக்கன் கல்லூரி, லேடி டோக் கல்லூரி இரண்டும் தன்னாட்சி பெற்றன. பாடத்திட்டத்தைத் தாமே வகுக்கும் உரிமை வந்ததால் களப்பணியை மதிப்பெண்ணுக்குரிய படிப்பாக்க வழி பிறந்தது. லேடி டோக் கல்லூரி சேவைவழிக் கற்றலைப் பாடங்களோடு இணைத்தது. டோக்கியோவின் சர்வதேசக் கிறிஸ்தவப் பல்கலைக்கழகம், பிலிப்பைன்ஸின் சில்லிமன், தாய்லாந்தின் பாயப் முதலியவற்றோடு ஆசியச் சேவைவழிக் கற்றல் வலையமைப்பில் பங்கேற்றது. ஜப்பானிய மாணவர்கள் கோடை விடுமுறையில் மதுரைக்கு வந்து, கல்லூரி மாணவியரோடு சேர்ந்து களப்பணி ஆற்றினர்.

இங்கேதான் தலைமையின் தன்மை மாறுகிறது. விருந்தினர் ஒருவர் ஊர்ப் பெண்ணிடம் மாத வருமானம் எவ்வளவு என்று கேட்கச் சொல்கிறார் என்று வைத்துக்கொள்வோம். உடன்வந்த மாணவி அதை அப்படியே கேட்கமாட்டாள். “இந்த வருசம் வெள்ளாமை எப்படி அத்தே இருந்துச்சு?” என்று தொடங்குவாள். மழை, மிளகாய் விலை, நகைக்கடன் என்று பேச்சு வளரும். மாத வருமானம் என்ற ஒன்றே அந்த வீட்டில் இல்லை என்பதைப் பிறகு விருந்தினருக்கு ஆங்கிலத்தில் விளக்குவாள். ஆய்வுக் கேள்வியே அவ்விடத்தில் திருத்தப்படுகிறது. எந்த வீட்டில் தண்ணீர் வாங்கிக் குடிக்கலாம், எந்தத் தெருவுக்கு முதலில் போனால் மற்றத் தெரு வருத்தப்படும், எங்கே படம் எடுக்கக்கூடாது என்பவையும் அவள் எடுக்கும் முடிவுகளே. அந்த மாணவி இதுபோன்ற ஊரிலிருந்து வந்த முதல் தலைமுறைப் பட்டதாரியாக இருந்தால், இரு பக்கத்தின் கூச்சத்தையும் அறிந்தவள் அவள் ஒருத்தியே. ஆனால் அறிக்கையில் அவளுக்குக் கிடைப்பது உதவியாளர் என்ற இடம்தான்.

6. நாட்காட்டி யாருடையது?

சிக்மனின் முதல் நெறி இன்னும் எட்டப்படவில்லை என்பதற்கு நாட்காட்டியே சான்று. ஜப்பானியக் கோடை விடுமுறை நம் ஆடி, ஆவணியில் வருகிறது. அப்போது கரிசல் காடு உழுது மழைக்குக் காத்திருக்கும். கண்மாய் வறண்டு கிடக்கும். விதைப்பும் களையெடுப்பும் அறுவடையும் விருந்தினர் கண்ணில் படுவதில்லை. வெறுங்காட்டைப் பார்த்தவர் வறுமையைப் பற்றி எழுதுவார். அதே காடு தை மாதத்தில் எப்படி இருக்கும் என்பதை உள்ளூர் மாணவர்தான் சொல்லவேண்டும்.

7. முடிவுரை

மிஷன் காலத்தில் ஊரார் பெறுபவராக இருந்தனர்; நலப்பணித் திட்டத்தில் மாணவர் கட்டளையை நிறைவேற்றுபவரானார்; பரிமாற்றக் காலத்தில் அவரே இரு உலகங்களுக்கு இடையே பேசி முடிப்பவராக மாறியிருக்கிறார். சமூக ஈடுபாட்டைப் படிப்பின் பகுதியாக்கச் சொல்லும் 2020 தேசியக் கல்விக் கொள்கை இப்போக்கை மேலும் விரிக்கும். அந்த விரிவு பயனுள்ளதாக மூன்று மாற்றங்கள் தேவை. உள்ளூர் மாணவரின் இடையீட்டுப் பணிக்கு விருந்தினருக்குரிய அதே மதிப்பெண் வேண்டும். பருவத்தையும் பணியையும் ஊர்க்கூட்டத்தில் முன்கூட்டியே முடிவுசெய்ய வேண்டும். எழுதிய அறிக்கை தமிழில் அதே கூட்டத்துக்குத் திரும்பி வரவேண்டும். இம்மூன்றும் நடக்காதவரை, திட்டத்தின் பெயரில் பரிமாற்றம் இருந்தாலும் கற்றதன் கணக்கு ஒருபக்கமாகவே எழுதப்படும்.