கொழுப்புத் திசுக் குருத்தணுக்கள்

தோலுக்கடியிலுள்ள கொழுப்புத் திசுவில், நுண்ணிய ரத்தக் குழாய்களை ஒட்டி இருக்கும் ஸ்டெம் செல்கள். தகுந்த சூழலில் எலும்பு, குருத்தெலும்பு, கொழுப்புச் செல்களாக மாறக்கூடியவை. லைப்போசக்‌ஷனில் உறிஞ்சி வீசப்படும் கொழுப்பிலிருந்து இவற்றைப் பிரிக்கலாம் என்று 2001இல் அமெரிக்காவில் பட்ரிஷியா சுக்கும் சக ஆய்வாளர்களும் காட்டினர்.

எடுத்த கொழுப்பைக் கழுவி, கொலாஜினேஸ் நொதியால் கரைத்துச் சுழற்றினால் கொழுப்பு மிதக்கும், செல்கள் அடியில் படியும். அந்தப் படிவில் குருத்தணுக்கள் சிறு பங்கே. மற்றவை ரத்தக் குழாய்ச் செல்களும் நோயெதிர்ப்புச் செல்களும். ஆய்வகத்தில் வளர்த்தெடுத்தால்தான் குருத்தணுக்கள் ஓரளவு தூயதாகக் கிடைக்கும். சிகிச்சை விளம்பரங்களோ அந்தப் படிவையும் வளர்த்தெடுத்த செல்களையும் ஸ்டெம் செல் என்றே சொல்கின்றன. செலுத்திய இடத்தில் இவை புதுத் திசுவாக மாறுவதைவிட, வீக்கத்தைத் தணிக்கும் பொருள்களைச் சுரப்பதால்தான் பயன் தருகின்றன என்பதே இன்றைய கருத்து.

குரோன் நோயில் ஆசனவாய் அருகே உண்டாகும் புரையோடிய துளைகளுக்காக, இக்குருத்தணுக்களாலான டார்வாட்ஸ்ட்ரோசெல் என்ற மருந்தை 2018இல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றது. அடுத்து நடந்த பெரிய ஆய்வில் அது போலி மருந்தை மிஞ்சவில்லை, 2024இல் விலக்கிக்கொள்ளப்பட்டது. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் விழித்திரைத் தேய்வுக்காக, இரு கண்களிலும் ஒரே நாளில் தங்கள் கொழுப்பிலிருந்து பிரித்த செல்களைச் செலுத்திக்கொண்ட மூன்று பெண்கள் பார்வையைப் பெருமளவு இழந்தது 2017இல் மருத்துவ இதழில் பதிவானது. ஒரு கண்ணையாவது விட்டுவைக்காத அந்த அவசரம் மன்னிக்க முடியாதது.

தமிழ்நாட்டில் நிலைபெற்ற ஸ்டெம் செல் சிகிச்சை வேறு வகை: வேலூர் சிஎம்சி 1986இல் தொடங்கிய எலும்பு மஜ்ஜை மாற்று, அது ரத்த நோய்களுக்கானது. பெங்களூரின் ஸ்டெம்ப்யூடிக்ஸ் நிறுவனம், பர்ஜர் நோயால் கால்களில் ரத்த ஓட்டம் குன்றியவர்களுக்காக ஒப்புதல் பெற்ற மருந்தும் மஜ்ஜையிலிருந்து வந்ததே.

இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017 வழிகாட்டுதல்படி, ரத்தம் உண்டாக்கும் குருத்தணு மாற்றையும் ஒப்புதல் பெற்ற மருந்துகளையும் தவிர மற்றவை ஒப்புதல் பெற்ற மருத்துவ ஆய்வுகளாகவே நடக்க வேண்டும். அதற்காக நோயாளியிடம் பணம் வாங்கக் கூடாது. ஆய்வு, தேசியப் பதிவேடான சிடிஆர்ஐயில் பதிவாகியிருக்க வேண்டும். கட்டணம் கேட்டாலோ பதிவு எண் தர மறுத்தாலோ அங்கே ஊசி போட்டுக்கொள்ளக் கூடாது.

காக்களூர், கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைகளில் ஆண்டுக்கணக்கில் நின்றே வேலை பார்த்து மூட்டுத் தேய்ந்தவர்களுக்கு இது நேரடியாகப் பொருந்தும்: மூட்டுவலிக்குக் கொழுப்புக் குருத்தணு இன்னும் ஆய்வில்தான் இருக்கிறது. முற்றிய தேய்மானத்துக்கான மூட்டு மாற்று அறுவையோ முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலேயே உண்டு.