வாழைமர நோட்டு

வாழைமர நோட்டு என்பது இரண்டாம் உலகப் போரில் மலாயா, சிங்கப்பூர், வட போர்னியோ, சரவாக், புருணை ஆகிய பகுதிகளைக் கைப்பற்றிய ஜப்பானிய அரசு 1942 முதல் 1945 வரை வெளியிட்ட, இன்று செல்லாத காகிதப் பணம். பத்து டாலர் தாளில் குலை தள்ளிய வாழை மரம் அச்சிடப்பட்டிருந்ததால் இப்பெயர் வந்தது. மலாய் மொழியில் இது 'டுயிட் பீசாங்' எனப்படும்.

ஒரு செண்டு முதல் ஆயிரம் டாலர் வரை பல மதிப்புகளில் இது வந்தது. தாளில் உள்ள குறியீட்டின் முதல் எழுத்து 'எம்' மலாயாவைக் குறிக்கும். பர்மாவுக்கான ரூபாய்த் தாள்களில் அது 'பி'. முதலில் வந்த தாள்களில் வரிசை எண் உண்டு. பின்னர் எண்ணே இல்லாமல் குறியீட்டு எழுத்துகளோடு மட்டும் அச்சாயின. கள்ள நோட்டு பெருக இது வழிவிட்டது. அளவின்றி அச்சிட்டதால் விலைவாசியும் கட்டுமீறி ஏறியது. தோட்டத் தமிழர் உட்பட மலாயா மக்களின் சேமிப்பு இந்தத் தாள்களிலேயே முடங்கியது.

1945 செப்டம்பரில் திரும்பிய பிரித்தானிய ராணுவ நிர்வாகம் இதைச் செல்லாது என அறிவித்தது. ஆக்கிரமிப்புக் காலக் கடன்களைத் தீர்க்க 1948இல் தனிச் சட்டம் தேவைப்பட்டது.

சேகரிப்போரிடம் எண்ணில்லாத பத்து டாலர் தாள் எளிதில் கிடைக்கும், விலையும் குறைவு. வரிசை எண் கொண்ட, மடிப்பு விழாத தாளே அரியது.