ஆப்பிரிக்க நன்னீர் மீன்களின் செவுள் தட்டைப்புழுக்கள்

ஆப்பிரிக்காவின் ஆறுகளிலும் ஏரிகளிலும் வாழும் மீன்களின் செவுள் இழைகளைப் பற்றிக்கொண்டு ஜீவிக்கும் மோனோஜீனியா வகுப்புப் புழுக்களில் பெரும்பாலானவை ஒரு மில்லிமீட்டர் நீளத்தை எட்டாதவை. பருவத்துக்குப் பருவம் வெவ்வேறு பிராணிகளை நாடாது, ஒரே மீனைச் சார்ந்து ஜீவிதச் சக்கரத்தை முடித்துக்கொள்வது இவற்றின் விசேஷ லட்சணம்; பெல்ஜிய விலங்கியல் அறிஞர் வான் பெனெடன் 1858இல் இவற்றை ஏனைய ஒட்டுண்ணிப் புழுக்களினின்று வேறு பிரித்ததற்கு அதுவே ஆதாரம்.

உடல் மிருதுவாயும் ஒளி ஊடுருவுவதாயும், கண்ணாடித் தகட்டின் அழுத்தத்தில் நெளிந்து உருமாறுவதாயும் இருப்பதால், இனத்தை நிச்சயிக்க அதை நம்புவதற்கில்லை. பின்முனையில் மீனைப் பற்றும் நங்கூரக் கொக்கிகளும், அவற்றைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களும், ஓரத்துச் சிறு கொக்கிகளும், ஆண் புணர்ச்சி உறுப்பின் கடினமான குழலுமே நம்பத்தக்க சாட்சிகள். இவற்றை அம்மோனியம் பிக்ரேட்டும் கிளிசரினும் கலந்த திரவத்தில் தெளிவாக்கி, நுண்ணோக்கியில் ஒவ்வொரு பாகத்தையும் அளந்து வரைவதே இத்துறையின் நித்திய வேலை. புழுவின் பெயரைப் போலவே மீனின் பெயரும் பிழையற்றிருத்தல் அவசியம்; மீனைத் தவறாகக் குறித்த ஆராய்ச்சியில் புழுவைப் பற்றிய முடிவும் பாதி பயனிழந்துவிடும்.

ஆப்பிரிக்க ஆராய்ச்சிக்கு அஸ்திவாரமிட்டவர் இலான் பபெர்னா. திலாப்பியா முதலிய சிக்லிட் மீன்களுக்குரிய சிக்லிடோகைரஸ் பேரினத்தை அவர் 1960இல் நிறுவினார். அம்மீன்கள் ஆப்பிரிக்காவுக்கு அப்பால் இஸ்ரேலின் நீர்நிலைகளிலும் இயற்கையாக வாழ்வதால், அத்தொடக்கம் அங்கேயே நிகழ்ந்தது. நன்னீர் மீன்களின் மோனோஜீனியாக்களைத் தொகுத்த அவரது பெருநூல் 1979இல் பெல்ஜியத்தின் டெர்வூரென் அருங்காட்சியகத்தால் வெளியிடப்பட்டது. பின்னர் பிரெஞ்சு அறிஞர்களான லூயி யூசேவும் அந்துவான் பரிசெலும், குறுக்குச் சட்டத்தில் கேடயம் போன்ற பெரிய தகடுடைய இனங்களை 1995இல் ஸ்கூட்டோகைரஸ் எனத் தனிப் பேரினமாக்கி, 2009இல் சிக்லிட் மீன்களின் புழுக்களை மறுபரிசீலனை செய்தனர். இன்று சிக்லிடோகைரஸில் மட்டும் நூற்றுக்கு மேற்பட்ட இனங்கள் அறியப்பட்டுள்ளன. கெண்டைக் குடும்பத்து மீன்களில் டாக்டிலோகைரஸும், கிளேரியஸ் கெளுத்திகளில் குவாட்ரியகாந்தஸும் காணப்படும்.

இவ்வாராய்ச்சியின் மிக வளமான களம் டாங்கன்யிகா ஏரி. கரையோரப் பாறைகளில் ஒதுங்கி வாழும் டிரோஃபியஸ் குழுவைச் சேர்ந்த மீன்களின் வம்ச வரிசையும், அவற்றின் புழுக்களின் வம்ச வரிசையும் பெரிதும் ஒத்துச் செல்வதை மார்ட்டன் வான்ஹோவும் சகாக்களும் 2015இல் காட்டினர். ஆயினும் அதே ஏரியின் ஆழமான திறந்த நீரில் சஞ்சரிக்கும் பேதிபேட்டஸ் மீன்களிலோ, சிக்லிடோகைரஸ் காசுவரைனஸ் என்னும் ஒரே புழு பல இனங்களைப் பற்றி வாழ்கிறது. மரபணுவைப் படிக்கும் வழி இந்த ஒப்பீட்டுக்குப் பேருதவியாயிற்று. எனினும் அது கொக்கியை அளப்பவரின் பொறுமைக்கு மாற்றாகவில்லை, ஆகவும் இயலாது என்பதே நமது துணிபு.

இந்தப் பொறுமையின் பயனைக் காங்கோவில் காணலாம். நைல் திலாப்பியா அங்கே கொண்டுவரப்படுமுன் பிடிபட்டு அருங்காட்சியகங்களில் காக்கப்பட்டிருந்த நாட்டு மீன்களின் செவுள்களை அண்மையில் ஆராய்ந்து, பிற்கால மீன்களின் செவுள்களோடு ஒப்பிட்டபோது, அந்நிய மீனோடு வந்த புழுக்கள் நாட்டு மீன்களுக்குத் தாவியிருப்பது வெளிப்பட்டது.