பங்குப் பதிவேடுகளும் தாராவித் தமிழர் பெயர்களும்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதி முதல், தோல் பதனிடும் தொழிலை நாடித் திருநெல்வேலிப் பகுதியினர் பலர் மும்பையின் தாராவியில் குடியேறினர். அவர்களுள் கத்தோலிக்கராயிருந்தோரின் வழியினர் முன்னோரைத் தேடுங்கால் முதலில் தடையாவது பெயரே. ஐரோப்பிய உயர்குடிகளில் குடும்பப்பெயரும் குலச்சின்னமும் தலைமுறைகளை இணைத்தன. தமிழர்க்குத் தந்தை பெயரே முன்னெழுத்து. மும்பைப் படிவங்களில் குடும்பப்பெயருக்குரிய கட்டத்தில் அதனையே எழுதியதால், பாட்டனுக்கும் பேரனுக்கும் 'குடும்பப்பெயர்' வேறாயிற்று.

மொழிபெயர்ப்பால் விளைந்த சிக்கல் இதனினும் நுட்பமானது. இலத்தீனில் எழுதப்பெற்ற பதிவுகளில் பெத்ருஸ் எனப்படுபவர் வீட்டில் இராயப்பன், யொவான்னெஸ், அருளப்பன். பவுலுஸ் என்பதற்குச் சிறியவர் என்பது பொருளாதலின் சின்னப்பன் என்பது செம்மையான மொழிபெயர்ப்பே. இதனை அறியாதார், விரித்த ஏட்டிலேயே தம் பாட்டனைத் தவறவிடுவர்.

பெயர் கைவிடும் இடத்தில் உதவுவது ஏட்டின் ஓரக்குறிப்பு. ஞானப்பெற்றோர் பெயரையும் ஞானஸ்நானப் பதிவில் எழுதுமாறு திரிதெந்தின் பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. 1908இல் நடைமுறைக்கு வந்த திருச்சபை ஆணையோ, திருமணம் எங்கு நிகழினும் அச்செய்தி ஞானஸ்நானம் பெற்ற பங்கிற்கு அனுப்பப்பட்டு, அங்குள்ள ஏட்டில் குறிக்கப்பட வேண்டும் என்றது. எனவே தாராவியில் மணந்தவரின் சுவடு, செய்தி ஒழுங்காக அனுப்பப்பட்டிருப்பின், நெல்லைச் சிற்றூரொன்றின் ஏட்டில் அவருடைய ஞானஸ்நானப் பதிவின் அருகிலேயே கிடைக்கும்.