போத்தலில் எஞ்சிய ஊர்ப்பெயர்

புலம்பெயர்ந்து வாழும் நம்மவரின் திருமண வீடுகளிலும் பிறந்தநாள் விழாக்களிலும் மண்டபத்தின் பின்மேசையில் ஸ்கொட்லாந்து விஸ்கிப் போத்தல் ஒன்று இடம்பெறுவது வழமையாகிவிட்டது. அதன் விலையை அறிந்தோர் பலர். அதன் வரலாற்றை அறிந்தோர் மிகச் சிலரே. குடியை ஊக்குவிப்பது நமது நோக்கமன்று. குடியாற் சீரழிந்த குடும்பங்களின் பிள்ளைகளை வகுப்பறையிற் கண்டு வருந்தியவர்கள் நாம். ஆயினும், ஒரு பானத்தினுள்ளே ஒரு மக்கட் கூட்டத்தின் கதை அடங்கியிருக்குமாயின் அதனை அறிந்துகொள்வதிற் பிழையில்லை.

உயிர்நீரும் வரியும்

'விஸ்கி' என்பது ஸ்கொட்லாந்தின் பழைய மொழியாகிய கேலிக்கில் 'உயிர்நீர்' எனப் பொருள்படும் தொடரிலிருந்து மருவி வந்த சொல்லாகும். 1494ஆம் ஆண்டுக்குரிய அரச கணக்கேட்டில், மன்னரின் ஆணைப்படி ஜோன் கோர் என்னும் துறவிக்கு உயிர்நீர் வடிப்பதற்கென எட்டு 'போல்' அளவு முளைத்தானியம் வழங்கப்பட்ட செய்தி காணப்படுகிறது. 1644 இல் அந்நாட்டு நாடாளுமன்றம் இதற்கு முதன்முதலாக வரி விதித்தது. 1707 இல் இங்கிலாந்துடன் இணைந்த பின்னர் வரிச்சுமை மேலும் பெருகிற்று. மலைநாட்டு மக்கள் பள்ளத்தாக்குகளில் ஒளித்திருந்து வடிக்கத் தலைப்பட்டனர்.

1823ஆம் ஆண்டுச் சட்டம் ஆண்டுக்குப் 10 பவுண் கட்டணத்துடன் அனுமதிப்பத்திரம் பெற வழிசெய்தது. கிளென்லிவெற் பள்ளத்தாக்கின் ஜோர்ஜ் ஸ்மித் 1824 இல் அதனைப் பெற்றார். கள்ளமாக வடித்துவந்த அயலவர்கள் அவர்மீது கொண்ட சினம் பெரிது. அதற்கு அஞ்சி, அவர் இரண்டு கைத்துப்பாக்கிகளைத் தம்முடன் வைத்திருந்தார்.

பெயர் மறைந்த காலம்

1830களில் ஈனியஸ் கொஃபி என்பவரின் தொடர்வடிகலன் பரவியது. பிற தானியங்களிலிருந்தும் மலிவாகச் சாராயம் வடிக்க அது உதவியது. 1860ஆம் ஆண்டுச் சட்டம், வரி செலுத்துமுன்னரே பண்டகசாலையில் வெவ்வேறு சாராயங்களைக் கலக்க இடமளித்தது. அதன்பின் உலகெங்கும் சென்றது பெரும்பாலும் கலப்பு விஸ்கியே. வாற்கோதுமை முளையை மட்டும் கொண்டு செப்புக்கலனில் வடித்த 'மோல்ட்' விஸ்கி அதனுள்ளே கரைந்துபோயிற்று. அதனை வடித்த ஊரின் பெயரும் உடன் மறைந்தது.

அப்பெயர்களைக் காத்தவர்களுள் முதன்மையானோர் மளிகை வணிகரும் மதுவணிகருமே. 1842 இல் அபர்டீனில் தோன்றிய கேடன்ஹெட் நிறுவனமும், 1895 இல் எல்ஜின் நகரில் மளிகைக் கடையாகத் தொடங்கிய கோர்டன் அன்ட் மக்பெயில் நிறுவனமும் இவர்களுள் மூத்தவை. இவர்கள் பல வடிசாலைகளின் சாராயத்தைப் பீப்பாவாக வாங்கிப் பல்லாண்டுகள் முதிரவைத்துத் தமது லேபலுடன் போத்தலில் அடைத்தனர். 1968 இல் கோர்டன் அன்ட் மக்பெயில் நிறுவனத்தின் ஜோர்ஜ் உர்க்கார்ட் பல்வேறு வடிசாலைகளின் மோல்ட் விஸ்கிகளை ஒரு வரிசையாக வெளியிட்டார். 1983 இல் எடின்பரோவில் ஒரு சங்கமும் 1988 இல் சிக்னற்றரி நிறுவனமும் தோன்றின. வடித்த ஆண்டு, அடைத்த ஆண்டு, பீப்பா இலக்கம் ஆகியவற்றை இத்தகையோரின் லேபல்களிற் காணலாம்.

ஒரே சாலை, இரண்டு பீப்பா

சில காலத்தின் முன் ஸ்கொட்லாந்து நண்பர் ஒருவரின் இல்லத்தில் இத்தகைய இரண்டு போத்தல்களை ஒப்பிட்டுச் சுவைக்கும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. இரண்டும் வடகிழக்குக் கரையிலுள்ள கிளைன்லிஷ் சாலையில் ஒரே ஆண்டில் வடிக்கப்பட்டவை. ஒன்று அமெரிக்க பேர்பன் விஸ்கி இருந்த பீப்பாவிலும், மற்றையது ஸ்பானிய ஷெரி வைன் இருந்த பீப்பாவிலும் முதிர்ந்தவை. முன்னையது வைக்கோல் நிறம்; பின்னையது கடுந்தேநீரின் நிறம். முதலில் மணம், பின்னர் ஒரு துளி, அதன்பின் சிறிது நீர் கலந்து மீண்டும் மணம் என்பதே முறை. நீர் சேர்ந்ததும் எரிவு தணிந்து மணம் விரிந்தது. முதலாவதில் தேனும் மெழுகும். இரண்டாவதில் உலர்ந்த திராட்சையும் கறுவாவும். ஆயினும் மெழுகின் வழுவழுப்பு இரண்டிலும் அடியில் இருந்தது. மரம் நிறத்தையும் மணத்தையும் மாற்றிற்று. பிறந்த இடத்தின் குணம் மாறவில்லை.

வெளியேற்றப்பட்டோர் விளைத்த தானியம்

அப்பொழுதுதான் நண்பர் அந்த இடத்தின் கதையைச் சொன்னார். சதர்லாந்துப் பெருநிலத்தின் உரிமையாளர்கள், செம்மறியாட்டுப் பண்ணைகளால் வரும் வருமானத்துக்காகத் தமது குடியானவர்களை உட்பள்ளத்தாக்குகளிலிருந்து அகற்றினர். ஸ்ராத்நேவரில் 1814 இலும் 1819 இலும் வீடுகள் எரியூட்டப்பட்டன. 1814 நிகழ்வுகளுக்காக முகாமையாளர் பற்றிக் செலர் 1816 இல் நீதிமன்றின் முன் நிறுத்தப்பட்டு விடுதலையானார். அகற்றப்பட்டோருட் பலர் மண்வளம் குன்றிய கரையோரத் துண்டு நிலங்களிற் குடியமர்த்தப்பட்டனர். பலர் கடல் கடந்தனர். அதே 1819 இல், பெருநிலக்காரர் புரோரா என்னும் கரையோர ஊரில் ஒரு வடிசாலையை நிறுவினார். கரையோரக் குடியானவர் விளைக்கும் தானியத்துக்கு அது சந்தையாயிற்று. அதுவே பழைய கிளைன்லிஷ். எரிந்த வீடுகளும் எழுந்த வடிசாலையும் ஒரே ஆண்டின் கணக்கிலே உள்ளன.

1960களின் இறுதியில் அருகிலே புதிய சாலை எழுந்தபோது கிளைன்லிஷ் என்னும் பெயர் அதற்குச் சென்றது. பழைய சாலை 'புரோரா' எனப் பெயர் பெற்று, 1970களின் முற்பகுதியில் முற்றா நிலக்கரிப் புகைமணம் மிக்க விஸ்கியை வடித்தது. விற்பனை வீழ்ந்த 1983 இல், அதனையும் வேறு பல சாலைகளையும் அவற்றின் கம்பனி மூடிற்று. ஆயினும் பீப்பாக்கள் எஞ்சின. தனிப் போத்தலடைப்பாளர்கள் அவற்றுட் சிலவற்றைப் புரோரா என்னும் பெயருடனேயே வெளியிட, மூடிய சாலையின் சுவையை உலகம் அறிந்தது, தேட்டமும் பெருகிற்று. 2021 மே மாதத்தில், பழுதுபார்க்கப்பட்ட அதே பழைய கலன்களுடன் அச்சாலை மீண்டும் திறக்கப்பட்டது.

இதிலே நாம் எண்ணிப்பார்க்க வேண்டியது ஒன்றுண்டு. வடித்த ஆண்டும் பீப்பா இலக்கமும் லேபலில் அச்சாகியுள்ளன. ஆண்டுக்கு நூற்றுக்கு இரண்டு வீதமளவில் ஆவியாகிப்போகும் சாராயத்துக்கும் கணக்கு உண்டு. ஸ்ராத்நேவரில் எரிந்த வீடுகளில் வாழ்ந்தோரின் பெயர்கள் எந்தப் போத்தலிலும் இல்லை. மூடிய சாலைக்கு வாய்த்த காவலர், அகற்றப்பட்ட அம்மக்களுக்கு அந்த அளவில் வாய்க்கவில்லை.

பீப்பாவைக் காக்க ஒரு மளிகைக்காரர் போதும். ஊரைக் காக்க அவ்வூரார்தான் வேண்டும். அடுத்த விழாவில் அந்தப் பின்மேசையைக் கடக்கும்போது, போத்தலைத் திறக்காமலே அதன் லேபலைப் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டி இக்கதையைச் சொல்லுங்கள். வீடு திரும்பியதும், நம் ஊரின் ஒழுங்கைகள், குளங்கள், அங்கு வாழ்ந்தோர் ஆகியோரின் பெயர்களை ஒரு கொப்பியிலே எழுதச் செய்யுங்கள். எழுதப்படாத பெயர்கள், கசியும் பீப்பாவின் சாராயம்போல், ஒருவரும் அறியாமலே குறைந்துபோகும்.