தீவிர சிகிச்சைச் செவிலியம் (வடசென்னை)

மூச்சும் ரத்த ஓட்டமும் தடுமாறும் நோயாளியின் கட்டிலை விட்டு நகராமல் பார்க்கும் செவிலியப் பணி தீவிர சிகிச்சைச் செவிலியம் எனப்படும். வடசென்னையில் இதற்குப் பெரிய களம், பழைய ஜெயில் சாலையில் உள்ள அரசு ஸ்டான்லி மருத்துவமனை. 1782இல் பஞ்சத்துக்குக் கஞ்சி ஊற்றிய மணியக்காரர் சத்திரத்திலிருந்து வளர்ந்ததால், மூத்தவர்கள் வாயில் அது இன்னும் ‘கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி’தான். துறைமுகக் கன்டெய்னர் லாரியில் அடிபட்டவர், மெஷினில் கை சிக்கியவர், மணலி ஆலைகளில் தீக்காயம் பட்டவர் என்று இங்கே வரும் நோயாளிகளில் பலர் இந்த மண்ணின் தொழில்களால் வருபவர்கள்.

2023 டிசம்பர் 26 நள்ளிரவையொட்டி, அதே வடசென்னையின் எண்ணூர் பெரியகுப்பத்தில் உரத் தொழிற்சாலைக்குச் செல்லும் கடலடிக் குழாயிலிருந்து அம்மோனியா கசிந்து, ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். அம்மோனியா ஈரத்தில் கரைந்து காரமாகிக் கண்ணையும் தொண்டையையும் அரிக்கும். வீக்கம் சில மணி நேரம் கழித்தும் ஏறலாம். இங்கேதான் நர்ஸின் காது வேலை செய்கிறது. விரலில் மாட்டிய ஆக்சிமீட்டர் 96 என்று நல்ல அளவையே காட்டிக்கொண்டிருக்கும். ஆனால் நோயாளியின் குரல் கம்மும், எச்சில் விழுங்கத் திணறுவார், மூச்சை உள்ளிழுக்கையில் விசில் போல ஓர் ஒலி கேட்கும். எண் இறங்கட்டும் என்று காத்திருந்தால் தொண்டை வீங்கி, சுவாசக் குழாய் நுழைக்க வழியிருக்காது. டாக்டரை உடனே அழைப்பதும், குழாய், சக்‌ஷன் எல்லாவற்றையும் தலைமாட்டில் தயாராக வைப்பதும் நர்ஸின் பொறுப்பு. வென்டிலேட்டர் பொருத்திய பிறகு சளி உறிஞ்சுவது, படுக்கைப் புண் வராமல் புரட்டிப் படுக்கவைப்பது, சிறுநீரை மணிக்கு மணி அளந்து குறிப்பது என்று வேலை நீளும். இவற்றில் பாதியைப் புத்தகத்தில் படிக்கலாம்; அந்த விசில் ஒலி கட்டிலருகே நின்றால்தான் பிடிபடும்.

படிப்பு வழி எளிது. நான்காண்டு பி.எஸ்சி. நர்சிங் அல்லது மூன்றாண்டு டிப்ளமோ முடித்து, தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தில் பதிய வேண்டும். அதன்மேல் தீவிர சிகிச்சைக்கென்றே ஓராண்டு டிப்ளமோ இருக்கிறது. பட்டதாரிகளுக்கு, இந்திய செவிலியர் குழுமம் 2016-17இல் கொண்டுவந்த ஈராண்டு ‘நர்ஸ் பிராக்டிஷனர்’ முதுநிலைப் படிப்பும் உண்டு.

வேலைதான் சிக்கல். அரசுப் பணிக்கு ஆளெடுப்பது 2012இல் தொடங்கிய மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம். 2015 தேர்வில் வென்று வந்தவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தனர். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் தேனாம்பேட்டையில் மருத்துவப் பணிகள் இயக்குநரகம் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் திரண்டனர். கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட 2,472 பேருக்கு 2022 டிசம்பர் 31உடன் வேலை முடிந்தது. வென்டிலேட்டர் கட்டில்களை அந்தக் காலத்தில் பார்த்துப் பழகிய கைகள் அவர்களில் பலருடையவை.

தீவிர சிகிச்சைப் பிரிவில் ஒரு நோயாளிக்கு ஒரு நர்ஸ் என்பது இந்திய செவிலியர் குழுமத்தின் கணக்கு. அந்தக் கட்டிலருகே பழகித் தேர்ந்த நர்ஸுக்கு வளைகுடா நாடுகளிலும் பிரிட்டனிலும் ஐ.சி.யு. அனுபவம் தனித் தகுதியாக எண்ணப்படுகிறது. இங்கே 2015 தேர்வுக்குக் கேட்ட தகுதி டிப்ளமோ அல்லது பட்டமும் குழுமப் பதிவும்தான். சேரும் பதவியின் பெயரும் எல்லோருக்கும் ஒன்றுதான், செவிலியர்.